மழையில் நிறுத்தப்பட்ட மோட்டார்

என்னிடம் உள்ள புகைப்படத்தின் பின்புறத்தில் அப்பாவின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "கிள்ளான். மார்ச் மாதம். என் மோட்டார். முதல் நாள்." ஆண்டு எழுதியிருந்த மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. படத்தில் மோட்டார் சைக்கிள் மட்டும்தான் இருக்கிறது. இடது ஓரத்தில் முழங்கை வரை ஒரு கை தெரிகிறது. அது அப்பாவின் கை. அம்மா கல்யாணமாகி வந்தபோது இந்தப் படம் ஏற்கெனவே கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்ததாம். ஆகவே அந்த மோட்டார் எனக்கு மூத்தது, அம்மாவின் தாலிக்கும் மூத்தது. அவ்வளவுதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

இதை எழுதக் காரணம் வேறொரு படம். போன மாதம் நம் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகளின் வாட்ஸாப் குழுவில் வந்தது. பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்கிறோம். நம்மில் கடைசிப் பிள்ளைக்கே ஐம்பது தாண்டிவிட்டது. அந்தப் படத்தில் எங்கள் வீட்டு ஜன்னல், அதற்கு வெளியே புல்லில் நிற்கும் மோட்டார், பக்கத்தில் ஒரு காலைச் சற்றுத் தூக்கியபடி அம்மா. ஜன்னலுக்குள் இருட்டு. படத்தைப் போட்டவர் கீழே எழுதியிருந்தார்: "படுத்த படுக்கையான கணவரின் கண்ணெதிரே அவர் ஆசை மோட்டாரை வைத்துக் காத்த தெய்வம். இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள்?" அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள்.

அம்மா இப்போது கிள்ளானில் என்னோடு இருக்கிறாள். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். குழுவில் நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சிரித்தாள். "அப்படியே இருக்கட்டும்லா. நல்லாதான எழுதியிருக்காங்க" என்றாள். அவளுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. தவறான குறிப்பு ஒன்று நிலைத்துவிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் சுபாவம் எனக்கு இல்லை.

மோட்டாரின் கம்பெனிப் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் நாலு பேர் எஞ்சினைப் பற்றி மட்டும்தான் பேசுவீர்கள். அமெரிக்க வண்டி. நீளம், தாழ்வு, கனம். மாட்டுக் கொம்பு மாதிரி அகன்ற ஹேண்டில். அரக்கு நிற டேங்க். ஓட்டுபவருக்கு ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டு. பின்னால் உட்காருபவருக்கு மட்கார்டின் மேல் ஒரு சின்ன மெத்தை. கிள்ளான் பக்கத்து எஸ்டேட்டில் இருந்த துரை ஊருக்குப் போகும்போது அப்பா அவரிடமிருந்து வாங்கியது. அப்பா ரயில்வே அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. அலுவலகத்துக்கு நடந்துதான் போவார். மோட்டார் ஞாயிற்றுக்கிழமைக்கும் விசேஷத்துக்கும் மட்டும்.

அது எங்கள் வீட்டு முன் ஹாலில் தூங்கியது. வாசற்படியில் ஒரு பழைய தண்டவாள ஸ்லீப்பர் கட்டையைச் சாய்த்து அப்பா அதை மேலே ஏற்றுவார். எண்ணெய் சொட்டும் என்பதால் எஞ்சினுக்கு அடியில் நீல விளிம்பு போட்ட எனாமல் தட்டு ஒன்று இருக்கும். எங்கள் சாப்பாட்டுத் தட்டுகளோடு வாங்கியது. எங்களுடையவை விளிம்பு உடைந்து கறுத்துப் போயின, அது மட்டும் புதுசாக இருந்தது. மோட்டாருக்கு இடம் வேண்டும் என்று அம்மாவின் தையல் மெஷினைப் பின்கட்டுக்குத் தள்ளியிருந்தார்கள். பின்கட்டில் சாரல் அடிக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் சாம்பிராணியும் பெட்ரோலும் கலந்து ஒரு வாசனை வரும். இன்றைக்கும் பெட்ரோல் நிலையத்தில் நிற்கும்போது எனக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

தினமும் சாயங்காலம் அப்பா பழைய பனியனால் அதைத் துடைப்பார். துடைத்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டுக் குரோமில் என் முகத்தைப் பார்க்கச் சொல்வார். முகம் அகலமாகத் தெரியும். "எப்படி இருக்கு?" என்பார். அழகாக இருக்கிறது என்பேன். "உன்னைக் கேக்கல. குரோமைக் கேட்டேன்" என்பார். அவருக்கு இது பெரிய நகைச்சுவை. எனக்கு அப்போது பத்து வயது.

இனி அந்த வருஷத்துக்கு வருகிறேன். எழுபதுகளின் பின்பாதி; நான் தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டில் இருந்தேன் என்பதால் எந்த ஆண்டு என்று கணக்கிட முடியும். ஆனால் என் பிறப்புப் பத்திரத்தில் ஒரு வருஷம் தவறு இருப்பதாக அம்மா சொல்வாள். அதனால் விட்டுவிடுகிறேன்.

சேலை கட்டியவர்கள் மோட்டாரில் ஒரு பக்கமாகத்தான் உட்காருவார்கள். நம் சாலையில் இடப்பக்கம் கால் தொங்கும். அந்த மோட்டாரின் சங்கிலியும் இடப்பக்கம். மூடி கிடையாது. கால் ஊன்ற ஒரு குட்டை ஆணி. அதில் ஒரு கால் நிற்கும், இன்னொரு கால் காற்றில். அம்மா ஒரு கையால் மெத்தையின் இரும்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கொசுவத்தை முழங்காலோடு சேர்த்து அழுத்திக்கொண்டு வருவாள். டேங்கின் மேல் நான். இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானுக்கு, அப்பாவின் அக்கா வீட்டுக்கு, அதாவது என் அத்தை வீட்டுக்குப் போவோம்.

அந்த வருஷம் அம்மா மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு ஸ்கூட்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். பின் சக்கரத்தை மூடி இரும்பு வலை. இரண்டு பாதமும் வைக்க ஒரு பலகை. கிள்ளானில் வெல்டிங் செய்யும் ஒருவர் போட்டுக் கொடுத்தது என்று அந்த ஸ்கூட்டர்க்காரரின் மனைவி சொன்னாளாம். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மா மெதுவாக ஆரம்பித்தாள்.

"என்னங்க, நம்ம மோட்டாருக்கும் அந்த மாதிரி ஒரு வலை போட்டா என்ன?"

"எதுக்கு?"

"சேலை மாட்டுதுங்க. போன வாரமே முந்தானை எண்ணெயாயிருச்சு. கால் வேற ஒண்ணு தொங்குது."

"கோழிக்கூண்டு மாதிரி இருக்கும்."

"இருந்தா என்ன? பின்னால யாரு பாக்கப் போறா?"

"பிரேம்ல ஓட்டை போடணும், தெரியுமா? துரை கையில இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கு. ஒரு ஆணி மாத்தல. அதுல போயி ஓட்டை போடச் சொல்றியே."

"அப்ப நீங்களும் பிள்ளையும் மோட்டார்ல போங்க. நான் பஸ்ல வரேன்."

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். "பொண்டாட்டிய பஸ்ல ஏத்திட்டு நான் மோட்டார்ல போனா பாக்கறவன் என்ன சொல்வான்?"

அம்மா அதற்குப் பிறகும் விடவில்லை. அவள் வாழ்க்கையில் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரே பொருள் அந்த வலைதான் என்று நினைக்கிறேன். கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டே இருந்தாள். ஒருமுறை பிள்ளைக்கு ஆபத்து என்றாள். ஒருமுறை ஓட்டை போடாமல் கம்பியால் கட்டலாம் என்றாள். ஒருமுறை கோயிலில் வேண்டிக்கொண்டதாகச் சொன்னாள். அப்பா கடைசியில் அதைக் கிள்ளானில் அத்தை வீட்டு ஹாலில் வைத்து, எல்லோர் முன்னாலும், ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னார்.

அத்தை வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். "ஏன்டா தம்பி, டெங்கில் எஸ்டேட்ல லோரியில நின்னுகிட்டே வேலைக்குப் போனவதான அவ? மோட்டார்ல உக்கார முடியலையாமா?"

"கால் வைக்கப் பலகை வேணுமாம்க்கா."

"பலகை மட்டும் ஏன், நாக்காலியே போட்டுக் குடு. அப்படியே ஒரு கொடையும் புடிச்சிக்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாதான் கடைசியாகச் சிரிப்பை நிறுத்தினார். அம்மா அடுப்படியில் இருந்தாள். இடையில் ஒரு திரைச்சீலை மட்டும். தட்டில் வடையோடு வெளியே வந்து முதலில் அத்தையிடம்தான் நீட்டினாள். அதற்குப் பிறகு வலையைப் பற்றி அவள் பேசவில்லை.

அத்தை மகளுக்கு ஆவணியில் கல்யாணம். சுதந்திர தினத்துக் கொடிகளைச் சாலையில் இன்னும் இறக்கவில்லை என்பது நினைவிருக்கிறது. கல்யாணத்துக்கு அம்மாவுக்குப் பட்டு எடுக்க மஸ்ஜித் இந்தியாவுக்குப் போனோம். அம்மா ஒரு மயில்கழுத்துப் பச்சையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அரக்கில் எடுக்கச் சொன்னார்.

"எந்த அரக்கு, பாஸ்? இதுல நாலு வகை இருக்கு."

"என் மோட்டார் டேங்க் கலர்ல."

"டேங்கைக் கொண்டாந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. மோட்டார் கடை வாசலில்தான் நின்றது. சேலையை வெளியே எடுத்துப் போய் டேங்கின் மேல் விரித்து, வெயிலில் நிறம் பார்த்து, தலையாட்டினார். கடைக்காரர் வாசலில் நின்று என் அம்மாவைப் பார்த்த பார்வையை நான் பல வருஷம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன்.

கல்யாணத்தன்று காலையில் கிள்ளானுக்குள் நுழையும் முன், இரண்டு பக்கமும் கம்பத்து வீடுகள், அதாவது மலாய்க் கிராமத்து வீடுகள், இருந்த ஒரு பகுதியில் அது நடந்தது. புதுப் பட்டு வழுக்கும். அம்மாவின் கையிலிருந்து கொசுவம் நழுவியிருக்க வேண்டும். டேங்கின் மேல் இருந்த எனக்கு முதலில் கேட்டது துணி கிழியும் சத்தம். பிறகு மோட்டார் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தாற்போல் நின்றது. அப்பா அதைச் சாயவிடாமல் இரண்டு காலையும் ஊன்றிப் பிடித்துக்கொண்டார். அந்தக் கனத்தைச் சாயாமல் பிடித்தது பெரிய காரியம் என்று பிற்பாடு பலர் பாராட்டினார்கள். அம்மா கீழே கிடந்தாள். சேலை முழுக்கச் சங்கிலிக்குள் போயிருந்தது. சேலையோடு அவளது இடது குதிகாலும்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு மலாய்க்காரர் பாராங் கத்தியோடு ஓடிவந்தார். மண்டியிட்டுச் சேலையை அறுக்க ஆரம்பித்தார். அப்பா மோட்டாரைப் பிடித்தபடியே குனிந்து, "ஹாத்தி ஹாத்தி, பாங். ஸ்போக், ஸ்போக்" என்றார். பார்த்து அறுங்கள் அண்ணே, சக்கரக் கம்பி என்று பொருள்.

அந்த மனிதர் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். "காக்கி டூலு" என்றார். முதலில் கால்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அம்மாவும் கேட்டாள். அவள் அப்போது கத்திக்கொண்டிருக்கவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவைக் கிள்ளான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கல்யாணம் முகூர்த்தப்படி நடந்தது. சாயங்காலம் அத்தை, தலையில் பூவோடு, வார்டுக்கு வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்காரவில்லை.

"ஏம்மா, எம் மக கல்யாணத்தன்னைக்கா இப்படி ரத்தம் சிந்தணும்? சேலையை ஒழுங்கா சொருகத் தெரியாதவ எதுக்குப் பட்டு கட்டிக்கிட்டு ஏறுற?"

"தப்புதான் அண்ணி" என்றாள் அம்மா.

"என் தம்பி வண்டியக் கீழ போடாம புடிச்சதால பிள்ளை பொழச்சுது. அதை நெனச்சுக்க."

அத்தை போன பிறகு பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் என்னிடம் ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்து, உரிக்கத் தெரியுமா என்று கேட்டாள். உரித்து அம்மாவுக்குச் சுளை சுளையாகக் கொடுத்தேன். அம்மா கொட்டைகளை உள்ளங்கையில் துப்பி, வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மோட்டார் அம்மாவுக்கு முன்பே வீடு திரும்பியது. கிள்ளானில் ஒரு பட்டறையில் புதுச் சங்கிலி போட்டு, மட்கார்டில் இருந்த கீறலுக்கு அதே அரக்குச் சாயம் கலந்து பூசி, அப்பா ஓட்டிக்கொண்டு வந்தார். கோயிலுக்கு எடுத்துப் போய்க் கண் திருஷ்டி கழித்தார். இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். ஹேண்டிலில் மாலை. அர்ச்சகர் யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டபோது அப்பா தன் பெயரையும் மோட்டாரின் எண்ணையும் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

அம்மா வந்தபோது இடது குதிகாலில் பாதி இல்லை. பாதத்தின் முன்பகுதியை மட்டும் ஊன்றி, உடம்பை ஒரு பக்கம் எறிந்து எறிந்து நடந்தாள். இந்த இடத்தில் உங்களைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. குவார்ட்டர்ஸ் தண்ணீர்க் குழாயடியில் உங்களில் இருவர் அம்மாவைப் போல் நடந்து காட்டுவீர்கள். மற்றவர்கள் வாயால் மோட்டார் சத்தம் போடுவீர்கள். 'டுக்கு டுக்கு ஆன்டி' என்று பெயர் வைத்தவர் இப்போது குழுவில் தினமும் காலை வணக்கம் அனுப்புகிறார். பெயர் சொல்லப் போவதில்லை. அம்மாவுக்குத் தெரியும்.

அம்மா வீட்டில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. சோறு சூடாக இருந்தது. அப்பாவின் சட்டைகள் கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை அப்பா மோட்டாரை இறக்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "நீ வரலையா?" என்று அவர் ஒருமுறை கேட்டார். "கால் வலிக்குதுங்க" என்றாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

ஐப்பசியில், தீபாவளி முறுக்குக்கு மாவு திரித்து வைத்திருந்த சமயம், ஒரு ஞாயிறு காலை, அப்பா மோட்டாரைப் படியிலிருந்து இறக்கிக் கிளப்பினார். அதை உதைத்துக் கிளப்புவதற்கு ஆள் முழு எடையையும் போட வேண்டும். இரண்டாவது உதையோ மூன்றாவதோ, கால் கீழே போனது, அவரும் அதோடு கீழே போனார். மோட்டார் சாயவில்லை, அது ஸ்டாண்டில் நின்றது. பக்கத்து வீட்டு ஸ்டேஷன் மாஸ்டர் சட்டை போடாமல் ஓடிவந்தார். அம்மா வாசலில் நின்றாள். அவளால் வேகமாக வர முடியாதுதான். ஆனாலும் அவள் எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு அப்போதே அதிகமாகத் தோன்றியது.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது பக்கவாதத்தில் வலது கையும் வலது காலும் போயிருந்தன. பேச்சும் போயிருந்தது. படுக்கை அறைக்குள் கட்டிலைச் சுற்றி வர இடமில்லை. அதனால் கட்டிலை முன் ஹாலில் போட்டார்கள், இத்தனை வருஷம் மோட்டார் நின்ற இடத்தில். மோட்டார் வெளியே போக வேண்டியதாயிற்று. ஸ்டேஷன் மாஸ்டரும் இன்னொருவரும் தள்ளிக்கொண்டு போனார்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. விறகுதான் கிடந்தது, ஒதுக்கினால் மோட்டார் தாராளமாகப் போகும்.

"கொட்டகையில விட்டுறலாம்க்கா" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"வேணாங்க. ஜன்னலுக்கு நேரா நிறுத்துங்க" என்றாள் அம்மா.

"அங்கயா? ஓப்பனா இருக்கே. கன்வாஸ் போட்டு மூடணும்."

"மூடினா அவர் எப்படிப் பாப்பாரு?"

ஸ்டேஷன் மாஸ்டர் மோட்டாரை ஜன்னல் பக்கம் திருப்பித் தள்ளினார். அவருக்குக் கண் கலங்கியது. அன்று சாயங்காலத்துக்குள் குவார்ட்டர்ஸ் முழுக்க அந்த வாக்கியம் பரவியது. உங்கள் அம்மாக்கள் உங்கள் அப்பாக்களிடம் அதைச் சொல்லிக் காட்டினார்கள். வாட்ஸாப்பில் நீங்கள் எழுதியது அந்தச் சாயங்காலத்தின் தொடர்ச்சிதான்.

அந்த ஜன்னல் கிழக்குப் பார்த்தது. காலையில் வெயில் குரோமில் பட்டு ஹாலின் கூரையில் ஆடும். மத்தியானம் கடந்தால் மழை. நமக்குத் தெரியாத மழையா. வானம் கறுத்த பத்தாவது நிமிஷம் சாக்கடை நிரம்பி ஓடும். முதல் நாள் மழை தொடங்கியதும், பழக்கத்தில், நான் கன்வாஸை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"எங்க போற?"

"மோட்டார் நனையுதும்மா."

"நனையட்டும்."

கன்வாஸை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்தாள். பிறகு நொண்டிக்கொண்டு போய் ஜன்னலின் இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். சாரல் உள்ளே அடித்தது. அப்பாவின் போர்வையை மட்டும் ஒதுக்கி, ஈரம் படாமல் மடித்து விட்டாள். அதில் ஒரு குறையும் வைக்க மாட்டாள். அவருக்கு ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை. நகம் வெட்டி, முகம் வழித்து, பவுடர் போட்டு வைத்திருப்பாள். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் அதைச் சொன்னார்கள்.

கஞ்சி ஊட்டும்போது அவள் பேசுவாள். குரல் தாழ்வாக, பிள்ளைக்குக் கதை சொல்வதைப் போல இருக்கும். நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன்.

"டேங்க்ல ஒரு பக்கம் சாயம் உரியுதுங்க. அந்த அரக்குதான். வாயத் தெறங்க."

"சீட்டுத் தோல் வெடிச்சிருச்சு. மைனா ஒண்ணு வந்து பஞ்சைக் கொத்தி எடுத்துட்டுப் போகுது. பாவம், கூடு கட்டுது போல."

"ஹெட்லைட்டுக்குள்ள தண்ணி ஏறியிருக்குங்க. மீன் வளக்கலாம்."

"ஸ்போக்கெல்லாம் துருவாயிருச்சு. பாத்துப் பாத்து வச்சிருந்தீங்களே."

அப்பா முகத்தை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்திருப்பார். கண்ணோரத்தில் நீர் வழியும். அம்மா முந்தானையால் அதை ஒற்றி எடுப்பாள். பார்க்க வந்த பெண்கள் அந்தக் காட்சியில் அழுவார்கள். "மோட்டாரைப் பாத்தா அவருக்குத் தாங்கல போலக்கா" என்பார்கள். "ஆமா. தாங்கலதான்" என்பாள் அம்மா. அவள் பொய் சொல்லவில்லை.

பங்சார் பக்கம் பட்டறை வைத்திருந்த ஒரு சீனர் இரண்டு முறை வந்தார். அப்பாவுக்குப் பழக்கமானவர். மழையில் நிற்கும் மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்து, விரலால் துருவைத் தொட்டு, "ஜுவால்லா, காக்" என்று கெஞ்சினார். விற்றுவிடு அக்கா. அவர் மூச்சு இருக்கும்வரை விற்க மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். இரண்டாவது முறை அவரே ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் கொண்டுவந்து மோட்டாரை மூடி, நான்கு பக்கமும் கயிற்றால் கட்டிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் அம்மா போய் முடிச்சுகளை அவிழ்த்தாள். அந்த விரிப்பு மிளகாய் காயவைக்க ரொம்ப நாள் உதவியது.

இன்னொரு தீபாவளியும் கழிந்து, தை பிறப்பதற்குச் சில நாள் முன்பு அப்பா இறந்தார். காலையில் கூரையில் வெளிச்சம் ஆடவில்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். ஆட வைக்கும் அளவுக்குக் குரோம் மிச்சமில்லை.

கருமாதிக்கு அத்தை கிள்ளானிலிருந்து ஒரு லோரியோடு வந்தாள். சாப்பாடு முடிந்ததும் தம்பியின் ஞாபகமாக மோட்டாரை எடுத்துப் போவதாகச் சொன்னாள். அதுவரை அவள் வாசல் வழியாக வந்து போனாளே தவிர, ஜன்னல் பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்ததில்லை. அம்மா மறுக்கவில்லை. "எடுத்துக்குங்க அண்ணி. உங்களுக்குத்தான் உரிமை" என்று முன்னால் நடந்தாள்.

சக்கரங்களுக்குள் புல் வளர்ந்து மறுபக்கம் வந்திருந்தது. டயர்கள் தரையோடு தரையாக இருந்தன. அத்தை மகன்களும் லோரி ஓட்டுநரும் சேர்ந்து தள்ளியும் அது நகரவில்லை. புதுச் சங்கிலி, கிள்ளான் பட்டறையில் போட்டது, ஒரே இரும்புக் கட்டியாக இறுகியிருந்தது. அத்தை கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். பிறகு மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். தம்பி செத்ததற்கு அப்படி அழவில்லை. அழுதுகொண்டே தானும் மட்கார்டில் கை வைத்துத் தள்ளப் போனாள்.

அம்மா பின்னாலிருந்து சொன்னாள்: "சேலையை ஒழுங்கா சொருகிக்கிட்டுத் தள்ளுங்க, அண்ணி. சங்கிலி பக்கம் பாத்து."

அத்தை கையை எடுத்தாள். லோரி காலியாகத் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தோடு எங்களுக்குப் போக்குவரத்து இல்லை. மோட்டாரைப் பழைய இரும்புக்காரர் ஒருவர் கழற்றி எடுத்துப் போனதாகப் பின்னால் அறிந்தேன். நான் அப்போது பள்ளியில் இருந்தேன், பார்க்கவில்லை.

குறிப்பு இத்தோடு முடிந்திருக்கும். சென்ற வருஷம் கண் பரிசோதனைக்குப் பங்சார் போனேன். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, ஓரங்களில் ஒளிப்புள்ளி தோன்றும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். எதற்கு என்று டாக்டரைக் கேட்டேன். என் மகள் வயதுப் பெண். பார்வையின் பரப்பை அளக்கிறோம், சிலருக்கு ஒரு பக்கம் முழுக்கவே தெரியாமல் போகும், அது அவர்களுக்கே தெரியாது என்றாள். பக்கவாதத்தில்கூட அப்படி ஆவதுண்டாம்.

நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

"வலது கை, வலது கால், பேச்சு மூணும் போச்சா? அப்படின்னா மூளையில இடது பக்கம் அடிபட்டிருக்கும் ஆன்டி. சில பேருக்கு வலது பக்கத்துப் பார்வையும் சேந்து போயிரும். ரெண்டு கண்ணுலயும். முகமும் கண்ணும் இடது பக்கமே திரும்பி நிக்கறதும் உண்டு."

"கண்ணுல தண்ணி வழியுமே, அது?"

"இமை சரியா மூடாது. சும்மாவே வழியும்."

"நாம பேசறது அவங்களுக்குப் புரியுமா?"

"எங்கப்பா எதைக் கேட்டாலும் புரியாத மாதிரிதான் இருப்பாரு, அவருக்கு ஒரு வியாதியும் இல்ல" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாக்காம சொல்ல முடியாது ஆன்டி. சில பேருக்குப் புரியும், சில பேருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஜன்னல் கிழக்கில். கட்டில் சுவரை ஒட்டி, வடக்குத் தெற்காகக் கிடந்தது. நம் வீடுகளில் வடக்கே தலை வைத்துப் படுக்க விடமாட்டார்கள். அம்மா அந்த வழக்கப்படி அப்பாவின் தலையைத் தெற்கே வைத்திருந்தால், ஜன்னல் அவருடைய வலப்பக்கம் வருகிறது. அப்படியானால் அவர் அந்த மோட்டாரைப் பார்க்கவே இல்லாமல் போயிருக்கலாம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது நோயின் வேலை. வழிந்தது வெறும் நீர். மழை, துரு, மைனா எல்லாம் ஒன்றுமில்லாத ஒரு பக்கத்தில் நடந்திருக்கின்றன. மாறாக, அவள் வழக்கத்தை மீறி, ஜன்னல் அவருக்கு இடப்பக்கம் வரும்படி வடக்கே தலை வைத்துப் படுக்கவைத்திருந்தால், அவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பார்க்கத் தாங்காமல்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எது என்று எனக்கு நினைவில்லை. ஹாலுக்குள் எடுத்த படம் ஒன்றும் இல்லை. குவார்ட்டர்ஸை இடித்து அடுக்குமாடி கட்டியாகிவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் இறந்துவிட்டார். தெரிந்தவள் ஒருத்திதான். கிள்ளானில் மழை பிடிக்கும்போதெல்லாம் அவள் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். சத்தத்தைக் கேட்டபடி, குதிகாலில் எஞ்சியதைத் தடவிக்கொண்டு, "உங்கப்பா எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் போனாரு" என்கிறாள். வேறு எதைப் பற்றியும் அவள் அவ்வளவு நிம்மதியாகப் பேசி நான் கேட்டதில்லை.

கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பாள். அதனால் கேட்கவில்லை. அவளைப் பார்க்க வருகிறவர்கள் டாக்டர் சொன்னதை வாய் தவறியும் சொல்ல வேண்டாம். மற்றவற்றைப் பேசலாம், அவள் மறுக்க மாட்டாள். கட்டிலின் தலைமாடு தெற்கில் இருந்ததா வடக்கில் இருந்ததா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிசெய்யப்படவில்லை.